ஏரிப்படுக்கையில் புளித்த மா

பாரிசில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா ஷப்பலில் ஒருத்தி நாற்பத்தெட்டு வயதில் வகுப்புக்குப் போகிறாள் என்றால் அது ஊருக்கே சொந்தமான செய்தி. மரக்கறிக் கடையில் வெண்டிக்காய் பொறுக்கிக்கொண்டு நிற்பவருக்குக்கூட அதில் ஒரு கருத்து இருக்கும்.

"என்ன படிக்கிறியள்? பிள்ளை பராமரிப்போ?"

"இல்லை."

"அப்ப கணக்கியலாக்கும்."

"புவியியல்."

அதன் பிறகு ஒரு மௌனம் வரும். மற்றவர்களாக இருந்தால் அந்த மௌனத்துக்கு மரியாதை கொடுத்துப் பையைத் தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். நான் விடமாட்டேன். "பழைய ஏரியின்ரை அடித்தரையிலை பனிக்கட்டி ஏறிப் போனால் அந்த நிலம் என்ன வடிவத்துக்கு வரும் எண்டு எழுதிறன்" என்று முழுவதையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் வெண்டிக்காயை நிறுக்கக் கொடுப்பேன். ஒருமுறை கேட்டவர் மறுமுறை கேட்டதில்லை. அதுவும் எனக்கு வசதியாகத்தான் இருந்தது.

பள்ளிப்படிப்பை முடிக்காதவர்கள் பல்கலைக்கழகத்துக்குள் நுழைவதற்கென்று இந்த நாட்டில் ஒரு டிப்ளோம் இருக்கிறது. வேலை முடிந்த பின்னேரங்களில் வகுப்பு, கடைசியில் பரீட்சை. குறித்த ஆண்டுகளுக்குள் எல்லாப் பாடத்தையும் தாண்டிவிட வேண்டும். எனக்கு அது கடைசி ஆண்டு. பிரெஞ்சைத் தாண்டிவிட்டேன், வரலாற்றைத் தாண்டிவிட்டேன், ஆங்கிலத்தை ஒருமாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு தாண்டினேன். மிச்சம் இருந்தது புவியியல் ஒன்றுதான். அதற்கு ஓர் இடத்தை நேரில் பார்த்து ஒரு தொசியே எழுதிக் கொடுக்க வேண்டும். இங்கே எங்கள் ஆட்களுக்கு எதற்கும் தொசியேதான்: விசாவுக்கும் வீட்டுக்கும் வைத்தியத்துக்கும் கட்டுக்கட்டாகக் கோவைகள். ஆனால் நான் யார் என்பதை நிரூபிக்காமல், எனக்கு என்ன தெரியும் என்பதைச் சொல்லும் முதல் தொசியே இதுதான். அதைக் கொடுத்தபின் நடுவர்கள் முன் உட்கார்ந்து வாயால் பதில் சொல்ல வேண்டும். அது போனால் மற்ற மூன்றும் சேர்ந்தே போகும்.

ஏன் பனிக்கட்டி என்று கேட்டால் பதில் சுருக்கமானது. யாழ்ப்பாணத்தில் உயர்தரத்துக்குப் படித்தபோது பனிக்கட்டியாறு என்று ஒரு பாடம் இருந்தது. மலையில் சேர்ந்த பனி தன் பாரத்தாலேயே இறுகி, ஆறுபோல மெதுவாக நகர்ந்து, வழியில் உள்ளதைச் சுரண்டிக்கொண்டு போகும் என்று புத்தகம் சொன்னது. நாங்கள் நேரில் கண்ட பனிக்கட்டி ஐஸ்பழக்காரனின் பெட்டிக்குள் மட்டும்தான். இருந்தாலும் மனப்பாடம் செய்தேன். பரீட்சைக்கு முன் இடம்பெயர்ந்தோம். கேள்வித்தாளைக் காணாத விடைகள் என் தலைக்குள் அப்படியே கிடந்தன. இதை நான் பரிதாபத்துக்காகச் சொல்லவில்லை. படித்ததை யாராவது ஒருநாள் என்னிடம் கேட்டே தீரவேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம் இருந்தது, அவ்வளவுதான்.

வேலை உணவகச் சமையலறையில். காலையில் ரோல்ஸ், பற்றிஸ், பின்னேரம் புட்டு. முதலாளியை எல்லோரும் அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் சனிக்கிழமை என்று வந்துவிட்டால் அவருக்குத் தாய் தகப்பனும் கண்ணில் தெரியாது. அன்றைக்குத்தான் புறநகரங்களான வில்லியே லே பெல்லில் இருந்தும் ஒபர்வில்லியேயில் இருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள், சாமான் வாங்குவார்கள், தலைமயிர் வெட்டுவார்கள், பிறகு பசியோடு எங்கள் கதவைத் தள்ளுவார்கள். அப்படிப்பட்ட ஒரு சனிக்கிழமைக்கு நான் லீவு கேட்டேன். உண்மையில் கேட்கவில்லை, சொன்னேன்.

"வாற சனி ஞாயிறு வரமாட்டன் அண்ணை."

"ஆருக்கேன் சுகமில்லையோ?"

"இல்லை. ஜூரா மலைப்பக்கம் போறம். வகுப்பாலை கூட்டிக்கொண்டு போகினம்."

"என்ன பார்க்க?"

"மண்."

அவர் கரண்டியை வைத்துவிட்டு என்னை முழுசாகப் பார்த்தார். "இஞ்சை பாருங்கோ தங்கச்சி, மண் பார்க்கிறதெண்டால் ஒரு செவ்வாய்க்கிழமை போய்ப் பார்க்கேலாதோ? மண் எங்கையும் ஓடாது."

"அது ஓடின கதையைத்தான் பார்க்கப் போறன்."

"போனால் திங்கட்கிழமை வராதேங்கோ."

"சரி அண்ணை" என்று சொல்லி, மிச்ச ரோல்ஸைச் சுற்றி முடித்துவிட்டு வீட்டுக்குப் போனேன். திங்கட்கிழமை வழக்கமான நேரத்துக்கு வந்து ஏப்ரனைக் கட்டினேன். அவர் ரோல்ஸ் தட்டை என் பக்கம் தள்ளிவைத்தார். நான் இல்லாத அந்தச் சனிக்கிழமை ரோல்ஸ் எல்லாம் எண்ணெய்க்குள் வாயைப் பிளந்துவிட்டதாகப் பாத்திரம் கழுவுகிறவர் காதுக்குள் சொன்னார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

ஜூராவில் எங்களை இறக்கிவிட்ட இடம் பார்வைக்கு ஒன்றுமேயில்லை. மலைகளுக்கு நடுவே தட்டையான பெரிய புல்வெளி, அதில் மாடுகள். எங்கள் ஆசிரியை, என்னைவிடப் பத்து வயது இளைய பிரெஞ்சுக்காரி, முழங்கால்வரை வரும் சேற்றுச் சப்பாத்தோடு நடுவில் நின்று, "நீங்கள் இப்போது ஏரியின் அடியில் நிற்கிறீர்கள்" என்றார். எல்லோரும் ஒரு கணம் தலையை நிமிர்த்தி மேலே பார்த்தோம்.

பனியுகத்தில் மலையில் இருந்து இறங்கிய பனிக்கட்டியாற்றின் ஒரு நாக்கு பள்ளத்தாக்கின் வாயை அடைத்துக்கொண்டு நின்றதாம். உருகி வந்த தண்ணீருக்குப் போக வழியில்லை. தேங்கி ஏரியானது. கோடையில் உருகல் வேகமாக வரும், வெளிறிய வண்டலைக் கொண்டுவந்து போடும். குளிர்காலத்தில் ஏரியின் மேல்முகம் உறைந்து மூடிவிடும். ஆடாத அசையாத தண்ணீரில் மிக மெல்லிய கறுத்த களி மெதுமெதுவாகக் கீழே இறங்கும். வெளிறியது ஒன்று, கறுத்தது ஒன்று, சேர்த்தால் ஓர் ஆண்டு. இப்படியே அடுக்கு அடுக்காக ஏரியின் தரை உயர்ந்தது. ஏரியில் மிதந்த பனிக்கட்டித் துண்டுகள் உருகும்போது உள்ளே பிடித்து வைத்திருந்த கற்களைக் கீழே போட்டன. கரையில் மண்ணுக்குள் புதைந்துபோன பெரும் பனிக்கட்டிகள் பிந்தி உருகி, அந்த இடம் குழிந்து வட்டக் குளமாகியது. மாடுகள் தண்ணீர் குடித்துக்கொண்டு நின்றது அப்படி ஒரு குளத்தில்தான்.

புல்வெளிக்குக் குறுக்கே ஒரு நீண்ட மேடு போனது. உயரம் ஓர் ஆள் அளவு, அதற்கு மேல் இல்லை. ஏரி உண்டான பிறகு பனிக்கட்டியாறு இன்னொரு முறை முன்னேறி இதுவரை வந்து நின்றது என்றும், அந்த மேடு அது நின்ற இடம் என்றும் ஆசிரியை சொன்னார். எப்படி உண்டானது என்று எங்களை எழுதச் சொன்னார். புத்தகத்தில் படம் இருக்கிறது: பனிக்கட்டி தன்னோடு அள்ளிவந்த கல்லையும் மண்ணையும் முன்னால் கொட்டிவிட்டுப் பின்வாங்கும், அந்தக் குவியல்தான் மேடு. எல்லோரும் அதையே எழுதினார்கள். என் பேனாவும் அதை எழுதத்தான் தொடங்கியது.

ஆனால் மேட்டின் ஒரு நுனியில் தோட்டக்காரர் யாரோ பாதைக்காக வெட்டியிருந்தார்கள். மற்றவர்கள் சாப்பாட்டுப் பொதியைப் பிரிக்கப் போனார்கள். நான் வெட்டு முகத்தடிக்குப் போனேன். கல் ஒன்றையும் காணவில்லை. கறுப்பு, வெளுப்பு, கறுப்பு, வெளுப்பு. அதே ஏரி அடுக்குகள், ஆனால் தட்டையாக இல்லை. பாயை ஒரு பக்கத்தால் தள்ளினால் மற்றப் பக்கம் மடிந்து எழும்புமே, அப்படி ஒன்றின்மேல் ஒன்று மடிந்து கிடந்தன.

கறுத்ததில் ஒரு துளி கிள்ளி வாயில் வைத்தேன். சமையல்காரியின் பழக்கம் அது, எதையும் நாக்கில் வைத்துத்தான் அறிவேன். வழுவழுவென்று இருந்தது, களி. வெளிறியதை வைத்தேன், பல்லில் நறுநறுத்தது, வண்டல். திரும்பினால் ஆசிரியை நிற்கிறார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவரோ தானும் ஒரு துளி கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு, "நாங்களும் இப்படித்தான் பார்ப்போம். யார் சொல்லித் தந்தது?" என்று கேட்டார். "யாரும் சொல்லித் தரவில்லை" என்றேன்.

அப்படியானால் இந்த மேட்டைப் பனிக்கட்டி எங்கிருந்தும் கொண்டுவரவில்லை. இருந்த ஏரித்தரையின்மேல் ஏறி, தன் பாரத்தால் அழுத்தி, தள்ளி, அதையே மடித்து எழுப்பியிருக்கிறது. இதில் எங்களைப் பற்றி, எங்கிருந்தோ கொண்டுவந்து கொட்டப்பட்டவர்கள் என்று நினைக்கப்படுகிறவர்களைப் பற்றி, ஓர் உவமை ஒளிந்திருக்கிறது என்று பின்னர் வகுப்பில் ஒருவர் கண்கலங்கச் சொன்னார். நான் பட்டென்று மறுத்தேன். உவமை பொறுக்க நான் ஜூராவுக்குப் போகவில்லை. அகதி என்றால் களியைக் களியாகப் பார்க்கக் கூடாதா?

பாரிசுக்குத் திரும்பிய பிறகும் அந்த மடிப்பு மனசை விட்டுப் போகவில்லை. செய்து பார்க்க வேண்டும் என்று ஆசை வந்தது. உணவகத்தில் இருந்த பக்கம் தெரியும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை ஏரியாக்கினேன். பனிக்கட்டியாற்றுக்கு ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில் மணலைப் பரப்பித் தண்ணீர் ஊற்றிக் குளிர்ப்பெட்டியில் வைத்தேன். வெளிறிய அடுக்குக்கும் கறுத்த அடுக்குக்கும் என்ன செய்வது? கைக்கெட்டிய தூரத்தில் இருந்ததை எடுத்தேன். வெளிறியதற்கு அரிசிமா. கறுத்ததற்குத் தோலோடு அரைத்த உளுத்தம்மா. கரைத்து, ஒன்று படிந்ததும் மற்றதை ஊற்றி, பொறுமையாக அடுக்கினேன். நன்றாக இறுகட்டும் என்று மூடி, அடுப்புக்குப் பக்கத்துத் தட்டில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

தமிழ் வாசகர்களுக்கு இதற்குமேல் சொல்லத் தேவையில்லை. இப்போதே சிரித்திருப்பீர்கள். சிரியுங்கள். இருபது வருடமாகத் தோசைக்குக் கரைக்கிறவள் நான். அரிசியும் உளுந்தும் தண்ணீரும் சூட்டில் ஓர் இராத்திரி கிடந்தால் என்ன ஆகும் என்று எனக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. ஆனால் அது என் கண்ணுக்கு ஏரியாகத் தெரிந்ததே தவிர, மாவாகத் தெரியவில்லை. காலையில் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு வந்தால் முதலாளி பெட்டியின் முன்னால் நிற்கிறார். மூடி ஒரு பக்கம், பனியுகம் மறுபக்கம் வழிந்துகொண்டிருக்கிறது.

"தங்கச்சி, உங்கடை ஏரி பொங்கிப் போச்சு."

நான் துணியை எடுத்து வழிந்ததைத் துடைத்தேன்.

"உப்புப் போட்டனீங்களோ?"

"இல்லை அண்ணை."

ஆனாலும் பெட்டியை அவர் கையில் கொடுக்கவில்லை. முதலில் என் பனிக்கட்டியை எடுத்து ஒரு பக்கத்தில் வைத்துத் தள்ளினேன். அது மடிப்பு எதையும் எழுப்பவில்லை. சும்மா உள்ளே அமிழ்ந்தது. மா சுற்றிவளைத்து வழிந்து மேலே வந்தது. அடுக்குகள் எல்லாம் கலந்து ஒரே சாம்பல் நிறம். எனக்கு எரிச்சல் வந்தது. மறுநிமிடம் உடம்பு முழுக்கச் சிலிர்த்தது. இவ்வளவு இளகியிருந்தால் தரை மடியாது, வழிந்துதான் ஓடும். ஜூராவில் மடிந்திருக்கிறதே! அப்படியானால் பனிக்கட்டி மேலே ஏறியபோது அந்த ஏரித்தரை வெறும் சேறாக இருந்திருக்க முடியாது. தண்ணீர் ஓரளவு வடிந்து, தன் அடுக்குகளைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்காவது இறுகியிருக்க வேண்டும். பாடப்புத்தகத்தில் இது இல்லை. ஆசிரியையும் சொல்லவில்லை. கெட்டுப்போன தோசைமாதான் சொன்னது.

மணல் படாத பக்கத்து மாவை முதலாளி அள்ளிக்கொண்டு போய்க் கல்லில் ஊற்றினார். உப்பில்லாவிட்டாலும் முறுகலாக வந்தது. இருவரும் நின்றபடியே தின்றோம். "பனியைப் படிக்கிறதிலும் ஒரு நன்மை இருக்குத்தான்" என்றார்.

இரண்டாம் முறை புளிக்காத சாமான்களைத் தேடினேன். அதற்கு லா ஷப்பலைவிட நல்ல இடம் உலகத்தில் இல்லை. முகத்துக்குப் பூசும் முல்தானி மட்டி நல்ல களி. கோலப்பொடி வெறும் கல்மா. இரண்டையும் ஒரே கடையில் ஒரே தட்டில் வாங்கினேன். "கலியாண வீடோ?" என்று கடைக்காரர் கேட்டார். இம்முறை அடுக்கி, மேல் தண்ணீரை நாளுக்கு நாள் வடித்து, கையால் தொட்டால் பள்ளம் விழுந்து நிற்கும் பதத்துக்குக் கொண்டுவந்தேன். பனிக்கட்டியை ஏற்றி மெதுவாகத் தள்ளினேன். முன்னால் தரை சுருங்கியது, வளைந்தது, ஒரு சின்ன மேடு எழும்பியது. பக்கத்தால் பார்த்தால் மண்நிறமும் வெளுப்பும் மடிந்து கிடந்தன. எங்கள் வீடு இருக்கும் ஸ்தேனுக்குப் போகும் பஸ்ஸில் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனேன். எழும்பி இடம் தந்தவருக்கு மெர்சி சொன்னேன், என்ன கொண்டுபோகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை.

நடந்ததை நடந்த ஒழுங்கிலேயே எழுதினேன். மகள் பிரெஞ்சைத் திருத்தினாள். அவள் சட்டம் படிக்கிறாள். நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில்தான் பதில் வரும். பெண்பால் ஆண்பால் எல்லாம் சரிபார்த்தவள் தோசைமாப் பக்கத்துக்கு வந்ததும் நிறுத்தினாள்.

"அம்மா, இதைப் போடாதே. சிரிப்பார்கள்."

"நடந்ததுதானே?"

"நடந்ததெல்லாம் எழுதுவதில்லை. நீ சமையல்காரி என்பதை மட்டும்தான் அவர்கள் பார்ப்பார்கள். களியில் செய்து பார்த்த பக்கம் போதும். அது அழகாக இருக்கிறது."

அவள் என்னைக் காப்பாற்றத்தான் நினைத்தாள். எனக்குத் தெரியும். நாளுக்கு நாலு தடவை வருகிற என் கோபம் அன்றைக்குப் பார்த்து வரவில்லை. "சரி, எடு" என்றேன். பக்கம் போனது. தொசியே வழுவழுவென்று சுத்தமாகிவிட்டது.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. தொசியேயின் சில பகுதிகள் குறித்து நடுவர் விளக்கம் கேட்கிறார், வாய்மொழிப் பரீட்சை நாளில் அரை மணித்தியாலம் முந்தி வரவும் என்று இருந்தது. மகள் வாசித்துவிட்டு முகம் வெளுத்தாள். விளக்கம் என்றால் இங்கே சந்தேகம் என்று பொருள். எத்தனை அலுவலகங்களில் எத்தனை முறை விளக்கம் கொடுத்திருப்பேன், அது தெரியாதா எனக்கு!

மேசைக்கு அந்தப் பக்கம் இருவர். தலைவர், கண்ணாடி போட்ட ஒரு மனிதர். பக்கத்தில் எங்கள் ஆசிரியை; ஆனால் தன் மாணவர்களுக்காக அவர் பேசக்கூடாது என்பது விதி.

"இதை எழுதியது யார், மதாம்?"

"நான்."

"மொழியில் ஒரு பிழைகூட இல்லை."

"மொழியை என் மகள் திருத்தினாள். மறைக்கவில்லை."

"மொழி அல்ல என் பிரச்சினை." ஒரு பக்கத்தைத் திருப்பி விரலால் தொட்டார். "பனி ஏறுவதற்கு முன்பே ஏரித்தரை ஓரளவு நீர் வடிந்து இறுகியிருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். சரியான முடிவு. ஆனால் முந்திய பக்கங்களில் களியை நீர் வடித்த பிறகே தள்ளிப் பார்த்திருக்கிறீர்கள், ஏன் வடித்தீர்கள் என்பதற்கு அங்கே காரணமே இல்லை. வானத்தில் இருந்து விழுந்ததுபோல நிற்கிறது. வேறொருவருடையதை எடுத்து ஒட்டும்போதுதான் பொதுவாக இப்படி நடக்கும்."

காது இரண்டும் சுட்டது. அவர் சொன்னது நியாயம் என்பதுதான் கொடுமை. முடிவு இருந்தது, அதை எனக்குத் தந்த பக்கம் இல்லை. நாங்களே கிழித்து எறிந்துவிட்டு வந்திருந்தோம்.

நான் பதில் சொல்வதற்கு முன் அவர் ஒரு படத்தைத் தள்ளி வைத்தார். மெல்லிய ஏரி அடுக்குகள், நடுவில் கைமுட்டி அளவு கல் ஒன்று. "பனிக்கட்டியாறு இந்தக் கல்லை எப்படி உள்ளே தள்ளியது என்று சொல்லுங்கள்."

"தள்ளவில்லை."

"இல்லையா?"

"விழுந்தது. கல்லுக்குக் கீழே உள்ள அடுக்குகள் வளைந்திருக்கின்றன. மேலே உள்ளவை சும்மா அதன்மேல் போர்த்திக்கொண்டு கிடக்கின்றன. தள்ளியிருந்தால் மேலும் கீழும் சேர்ந்து கிழிந்திருக்கும். ஏரியில் மிதந்த பனிக்கட்டி உருகியபோது கீழே விழுந்த கல் இது. பிறகு வந்த ஆண்டுகள் அதன்மேல் படிந்திருக்கின்றன. உங்கள் கேள்விதான் பிழை."

ஆசிரியை மேசையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். தலைவர் படத்தை எடுத்து உள்ளே வைத்தார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. மேலும் சில கேள்விகள் கேட்டார், எல்லாவற்றுக்கும் சொன்னேன். கடைசியில் ஒரு தாளை என் பக்கம் திருப்பினார்.

"வாய்மொழி போதுமானது, மதாம். தொசியேயை ஒதுக்கிவிடுவோம். வாய்மொழிப் புள்ளியோடு மட்டும் நீங்கள் சித்தியடைவீர்கள். இங்கே கையெழுத்துப் போடுங்கள்."

போட்டிருந்தால் அன்றே முடிந்திருக்கும். ஆனால் இந்த நாட்டில் வாசிக்காமல் கையெழுத்துப் போடக்கூடாது என்று இருபது வருடத்தில் படித்திருந்தேன். வாசித்தேன். இந்தத் தொசியேயைப் பரீட்சார்த்தியே எழுதினார் என்பது உறுதிப்படவில்லை என்பதைப் பரீட்சார்த்தி ஏற்றுக்கொள்கிறார் என்று இருந்தது.

"இது பொய்" என்றேன்.

"வழமையான வாசகம் அது."

"வழமையான பொய்."

"மதாம், கையெழுத்துப் போடாவிட்டால் தொசியேக்கும் புள்ளி போட வேண்டி வரும். சந்தேகமுள்ளதற்குப் பூச்சியம் விழும். சராசரியில் நீங்கள் தவறுவீர்கள். இது உங்கள் கடைசி ஆண்டு."

"தெரியும்."

பயந்தேன். அதையும் சொல்ல வேண்டும். ஏப்ரன், சனிக்கிழமைகள், புறநகருக்குப் போகும் டி ரயிலில் நின்றபடி படித்த பாடங்கள் எல்லாம் அந்தத் தாளின்மேல் கிடந்தன. கையெழுத்துப் போட்டால் டிப்ளோம் என் கையில் இருக்கும். மேடு வேறு யாருடையதாகவோ இருக்கும். அந்த மேட்டை நான் வாயில் வைத்துப் பார்த்தவள். தாளைத் திருப்பி அவரிடமே தள்ளினேன்.

"ஒரு பக்கம் எடுத்துவிட்டோம்" என்றேன். "அது என் தவறு. வெறும் தாள் தாருங்கள். உங்கள் முன்னாலேயே எழுதுகிறேன். அதைச் சேர்த்து வாசியுங்கள். பிறகு பூச்சியம் போடுவதென்றால் போடுங்கள்."

அவர் ஆசிரியையைப் பார்த்தார். ஆசிரியை எழும்பிப் போய் வெள்ளைத்தாள் எடுத்துவந்து என் முன் வைத்தார். அது விதிக்குள் அடங்கும் போலும்.

எழுதினேன். ஆண்பாலா பெண்பாலா என்று கேட்க ஆள் இல்லை. உளுந்துக்குப் பிரெஞ்சில் என்ன என்று தெரியாமல் கறுத்த சின்னப் பருப்பு என்று எழுதினேன். அரிசிமா, சூடு, வழிந்த மூடி, அமிழ்ந்த பனிக்கட்டி, கலந்துபோன அடுக்குகள், நின்றபடி தின்ற தோசை, ஒன்றையும் விடவில்லை. சிரிப்பார்கள் என்றால் சிரிக்கட்டும் என்று எழுதினேன். இரண்டு பக்கமும் நிரம்பியது.

தலைவர் வாசித்தார். பாதியில் நிமிர்ந்து, "இது புளிக்கும் என்று உங்களுக்கு முன்பே தெரியாதா?" என்று கேட்டார்.

"எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். எனக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். அதனால்தான் எழுத வெட்கப்பட்டோம்."

மிச்சத்தையும் வாசித்தார். தாளை மேசையில் வைத்து, உண்மையான கோபத்தோடு, "இதை ஏன் முதலிலேயே வைக்கவில்லை?" என்று கேட்டார். அன்று முழுக்க அவர் கேட்டவற்றில் நான் மதித்த கேள்வி அதுதான். எனக்கும் அதே கோபம் இருந்தது.

முடிவு வர இன்னும் சில வாரம் எடுத்தது. அந்த வாரங்களில் நான் ரோல்ஸ் சுற்றினேன், யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. "என்ன தங்கச்சி, பனி உருகீட்டுதோ?" என்று முதலாளி ஒருமுறை கேட்டார். நான் முறைத்ததில் மறுபடி கேட்கவில்லை. பிறகு ஒரு தடித்த உறை வந்தது. சித்தி. தொசியேக்கும் புள்ளி போட்டிருந்தார்கள், வாய்மொழியைவிட ஒன்று கூட. தொசியேயைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். அதன் நடுவில், அச்சடித்த பக்கங்களுக்கு இடையே, என் கையெழுத்தில் அந்தத் தாள், மூலையில் முத்திரையோடு.

மகள் குசினி மேசையில் இருந்து அதை வாசித்தாள். முதல் வரியில் இருந்து கடைசி வரிவரை, சிரிக்காமல் வாசித்தாள். நான் தேநீர் போட்டுக்கொண்டு முதுகால் கவனித்தேன். வாசித்து முடித்தபின் அவள் கை பழக்கத்தில் பேனாவைத் தேடியது.

"அம்மா," என்றாள், அபூர்வமாகத் தமிழில், "இதிலை கனக்கப் பிழை இருக்கு."

"ஓம்" என்றேன். "ஒண்டையும் தொடாதை. எல்லாம் என்ரை."